சகுனமில்லை, தாகம்

சுடர்விழி விமானத்தைக் கடலில் இறக்கவில்லை. ஓடுபாதையை விட்டு ஓரடி விலகவில்லை. அப்படி ஏதாவது செய்து தேர்வில் தோற்றிருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கெத்து இருந்திருக்கும். அவள் தோற்றது 'ஆச்சு' என்கிற ஒரே ஒரு சொல்லில்.

எழுபது பேர் உட்காரும் விசிறி விமானத்தில் ஏழு வருஷமாக அவள் துணை விமானி. துணை விமானி வலது பக்கம், கேப்டன் இடது பக்கம். நடுவில் இருப்பது இரண்டு முழ இடைவெளிதான் என்றாலும் அதைத் தாண்ட ஹைதராபாத்தில் ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். எழுதுவது என்று பேச்சுக்குச் சொல்வது. உண்மையில் ஓட்ட வேண்டும். விமானத்தின் மூக்கை மட்டும் வெட்டி ஒரு கூடத்தில் நிறுத்தினது போல ஒரு யந்திரம் இருக்கிறது, சிமுலேட்டர் என்று பெயர். அதற்குள் உட்கார்ந்துவிட்டால் இஞ்சின் சத்தம், மழை, ஓடுபாதை விளக்கு எல்லாம் அசல். பின்னால் உட்கார்ந்து பிழை தேடும் தேர்வாளர் கேப்டன் ஹரிகிருஷ்ணனும் அசல்.

கிளம்பும் முன் ஒரு பட்டியல் உண்டு. துணை விமானி ஒவ்வொன்றாகப் படிப்பார். கேப்டன் அதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பதில் சொல்ல வேண்டும். அன்று பட்டியலைப் படித்தவன் பாரதி என்கிற இளைஞன். "ஃப்ளாப்ஸ்" என்றான். ஃப்ளாப்ஸ் என்பது இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல். அதைக் கொஞ்சம் இறக்கி வைக்காமல் ஓடினால் விமானம் எழும்ப அடம்பிடிக்கும். சுடர்விழி அந்த நெம்புகோலுக்குக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து பயணிகள் பக்கத்திலிருந்து போன் மணி அடித்தது.

அடித்தவர் வேறு யாருமில்லை, பின்னாலிருந்த ஹரிகிருஷ்ணன்தான். பணிப்பெண் வேஷம். பதினோராம் வரிசையில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றார். சுடர்விழி பதறவில்லை. நாலு கேள்வி கேட்டாள், அது வாயுத் தொல்லை என்று கண்டுபிடித்தாள், பணிவாகப் பேசி போனை வைத்தாள். பத்துக்குப் பத்து மார்க் போடலாம். அப்புறம் பாரதியிடம் திரும்பினாள்.

"எங்க உட்டோம்?"

"ஃப்ளாப்ஸ் ஆச்சு மேடம்."

ஃப்ளாப்ஸ் வரைக்கும் படித்தாகிவிட்டது என்று அவன் சொன்னான். ஃப்ளாப்ஸ் இறக்கியாகிவிட்டது என்று அவள் கேட்டுக்கொண்டாள். தமிழ் பேசுகிற இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிற வினை இது. பட்டியல் அடுத்த வரிக்குப் போனது. ஓடுபாதையில் வேகம் கொடுத்த மறு விநாடி எச்சரிக்கை மணி அலறியது.

ஹரிகிருஷ்ணன் யந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யாருக்கு ஆச்சு? எது ஆச்சு?" என்றார். "நடுவுல ஆள் வந்தா என்ன செய்யணும்னு மேனுவல்ல இருக்கே, சுடர்விழி."

"முதல்லேர்ந்து படிக்கணும் சார்."

"ஏன் படிக்கல?"

உட்ட இடம் நெனப்புல இருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அவளுக்கு ஞாபகசக்தி மேல் அப்படி ஒரு திமிர். பாகூர் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்தையும் ஒரு தடவை கேட்டே ஒப்பித்தவள். முதலிலிருந்து தொடங்குவது மறந்துபோகிறவர்கள் வேலை என்பது அவள் எண்ணம்.

"பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை வாங்க. அதுலயும் போச்சுன்னா ரெண்டு வருஷம் வலது சீட்டுதான்" என்றார் அவர்.

அந்தப் பத்து நாளுக்கு அவள் புதுச்சேரிக்கு வந்தாள். குருசுக்குப்பத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே அவள் புகுந்த வீடு. கூடத்துச் சுவரில் விமானி அறையின் முழு அளவுப் படத்தை ஒட்டினாள். எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. இடது நாற்காலியில் அவள். வலது நாற்காலியில் பட்டியலைப் படிக்கக் கணவன் சிலம்பரசன்.

சிலம்பரசன் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். ஊசி குத்தும்போது நோயாளிக்கு முந்தி அவன் முகம் சுருங்கும், அவ்வளவு நல்லவன். அவன் அப்பா சாமிக்கண்ணு பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்துக்காரர், கறுப்புச் சட்டைக்காரர். அவர் வீட்டில் ராகு காலம் இல்லை, எமகண்டம் இல்லை, பூனை குறுக்கே போகலாம், யாரும் தும்மலாம். மருமகள் தேர்வில் தோற்று வந்தபோது தெருவில் எவரோ கண்ணுபட்டிருக்கும் என்று சொல்ல, அவருக்கு ஒரு மணிநேரம் விளக்கம் கொடுத்துத்தான் அனுப்பினார்.

ஆனால் அந்த வீட்டில் பட்டியல் படிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"ட்ரிம்" என்பான் சிலம்பரசன். அவள் படத்தில், விமானத்தின் மூக்கைச் சாயாமல் வைக்கும் அந்தச் சக்கரத்தைத் தொட்டு, "செட்" என்பாள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். "ஃப்ளாப்ஸ்" என்பான். வாசலில் பக்கத்து வீட்டு சுலோசனா மீன் கூடையோடு வந்து நிற்பாள். சுலோசனா தெருவின் வானொலி. அவளுக்குத் தெரியாமல் குருசுக்குப்பத்தில் ஒரு கதவு திறக்காது.

"சுடரு, சங்கரா வந்திருக்கு, கண்ணு பளபளன்னு இருக்கு பாரு. என்னா ரெண்டு பேரும் செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்கீங்க?"

"பரீட்சைக்குப் படிக்கிறோம்க்கா."

"செவுத்துலயா?"

சங்கரா மீனை வாங்கி, விலை பேசி, சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், "எங்க உட்டோம்?" என்பாள் சுடர்விழி. விட்ட இடம் அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். அதிலிருந்தே தொடங்குவாள். ஒரு நாளைக்கு ஏழு தடவை சரியாக வரும். எட்டாவது தடவை ஏதாவது ஒரு வரி விழுந்துவிடும். ஆறாம் நாள் மாடித் தண்ணீர்த் தொட்டி வழிந்து படிக்கட்டில் அருவி கொட்டியது. மோட்டாரை நிறுத்தச் சொன்னபோது சிலம்பரசன் "ஆச்சு" என்றிருந்தான். அவன் சொன்னது, நீ சொன்னது காதில் விழுந்தாச்சு.

"இந்த வார்த்தைய இனிமே இந்த ஊட்டுல யாரும் பேசக் கூடாது" என்று சுடர்விழி கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று முழுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வலது நாற்காலியில் இன்னும் இரண்டு வருஷம் என்பது மட்டுமில்லை பயம். சிமுலேட்டரில் மணி அடித்தது, யந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். எழுபது பேரோடு ஒரு நாள் இப்படி ஒரு வரி விழுந்தால்? அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சிலம்பரசனுக்குக் காலை வேலை. பர்ஸ், போன், சாவி, அடையாள அட்டை என்று முணுமுணுத்துப் பையைத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போனான், வண்டியைக் கிளப்பினான். சுடர்விழி கையில் காபியோடு ஜன்னலில் நின்றிருந்தாள்.

"என்னா சிலம்பு, ஞாயித்துக்கெழம அதுவுமா எங்க போற?" என்றது தெருவின் வானொலி.

சிலம்பரசன் வண்டியை அணைத்தான். ஸ்டாண்டு போட்டான். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தான். நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தான்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சாமிக்கண்ணு கேட்டார். "என்னடா, சகுனமா?"

"இல்லப்பா. தாகம்."

சுடர்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இந்தத் தாகத்தை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். கிளம்புகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால், திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவது ஊர் வழக்கம். சாமிக்கண்ணு வீட்டில் அதற்கு இடமில்லை. ஆகவே அந்தக் குடும்பத்தின் ஒரே மகனுக்குச் சுலோசனா வாயைத் திறக்கும் போதெல்லாம் நாக்கு வறண்டுவிடும். மார்கழிக் குளிரிலும் வறளும்.

அவன் எழுந்தான். "பர்ஸ், போன், சாவி..." என்று மறுபடி பையைத் தட்டினான். "அடையாள அட்டை" என்று நெஞ்சைத் தொட்டவன் நின்றான். அட்டை இல்லை. தேடினான். அது பிரிட்ஜின் தலையில் கிடந்தது. முதல் தடவை அவன் வாய் சொன்னது, கை தொடவில்லை.

சுடர்விழி காபியை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவன் வண்டியிலிருந்து நேராகப் போயிருக்கலாம். கிளம்புகிற வேலையில் முக்கால்வாசி முடிந்திருந்தது. விட்ட இடம் அவனுக்கும் ஞாபகம் இருந்தது, பச்சைக் குழந்தைக்கும் இருக்கும். ஆனாலும் அவன் தெருவிலிருந்து தொடங்கவில்லை. உள்ளே வந்தான், உட்கார்ந்தான், கிளம்பவே இல்லாத ஆளாக ஆனான், அப்புறம் புதிதாகக் கிளம்பினான். வெட்கப்படவில்லை. நேரமாச்சு என்று பறக்கவில்லை. ஒரு மடக்குத் தண்ணீரில் பழைய கிளம்பல் முடிந்துபோயிற்று.

"சிலம்பு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து ஒரு முத்தம் கொடுத்தாள். பேப்பர் கொஞ்சம் உயர்ந்தது.

"என்னடி?"

"எங்க மேனுவல்ல ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். நீ ஒரு டம்ளர்ல முடிச்சிட்ட."

"எதை?"

"தாகத்த."

அவன் கலவரமாக அப்பா பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசு" என்றான்.

மிச்ச நாட்களில் பயிற்சி வேறு மாதிரி ஆனது. சுடர்விழியே சுலோசனாவைக் கூப்பிட்டு, "அக்கா, நாங்க படிக்கும்போது எப்ப வேணா வந்து பேசுங்க" என்றாள். இந்த வரம் இதுவரை யாரும் சுலோசனாவுக்குக் கொடுத்ததில்லை. அவள் வரத்தைச் சும்மா விடவில்லை. நெத்திலி, மருமகளின் வளைகாப்பு, கவுன்சிலர் வீட்டு நாய் என்று எல்லாவற்றோடும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் சுடர்விழி பட்டியலை மூடினாள், பேச வேண்டியதைப் பேசினாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள், "முதல்லேர்ந்து" என்றாள். அவள் வயிற்றில் ஒரு குளமே சேர்ந்தது. ஒரு வரிகூட விழவில்லை.

பத்தாம் நாள் ஹைதராபாத். இடது நாற்காலி, வலதில் பாரதி, பின்னால் ஹரிகிருஷ்ணன். நாற்காலியின் பக்கவாட்டில் அவள் தண்ணீர் பாட்டில்.

இரண்டாவது வரியிலேயே போன் அடித்தது. பணிப்பெண் ஹரிகிருஷ்ணன், ஒரு பயணி பெல்ட் போட மறுக்கிறார் என்றார். சுடர்விழி கையைக் காட்டிப் பாரதியை நிறுத்தினாள். பட்டியலை மூடச் சொன்னாள். பேசி முடித்தாள், பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள், முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.

மூன்றாவது வரியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கூப்பிட்டது. கோபுரமும் ஹரிகிருஷ்ணன்தான். பதில் சொன்னாள். ஒரு மடக்கு. முதலிலிருந்து.

"ட்ரிம்" என்றான் பாரதி. அவள் சக்கரத்தைப் பார்த்து, தொட்டு, பதில் சொன்னாள். அடுத்த வரியும் முடிந்தது. "ஃப்ளாப்ஸ்" என்றான். கை நெம்புகோலை நெருங்கியபோது மூன்றாவது அழைப்பு. இந்தத் தடவை ஹரிகிருஷ்ணன் தரைப் பொறியாளராகி, வெளியே ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்று இழுத்து இழுத்துப் பேசினார். அவள் இடது ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பாட்டிலை எடுத்தாள்.

"மேடம், ஃப்ளாப்ஸ் வரைக்கும் வந்துட்டோம்" என்றான் பாரதி. குரலில் ஒரு மாதிரி கெஞ்சல்.

அவளுக்கும் தெரியும். அந்த வரி கண்ணில் எழுதி ஒட்டினது போல நின்றது. பின்னால் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது, நேரம் தாண்டினால் அதற்கும் மார்க் போகும். ஒரு கணம் அந்தப் பழைய திமிர் எட்டிப் பார்த்தது. அவள் தண்ணீரைக் குடித்தாள்.

"முதல்லேர்ந்து, பாரதி."

முதல் வரி. அப்புறம், "ட்ரிம்." அவள் கையைக் கொண்டுபோனாள், பார்த்தாள், கை அப்படியே நின்றது. சக்கரத்தின் முள் பச்சைக் கோட்டில் இல்லை. நாலு நிமிஷத்துக்கு முன் அவளே தொட்டுப் பார்த்தது அது. அப்போது சரியாக இருந்தது.

அவள் பாரதியைப் பார்த்தாள். பாரதி கூரையைப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது அந்த முள்ளை நகர்த்தும்படி அவனிடம் முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது.

முள்ளைப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். "செட்" என்றாள். ஃப்ளாப்ஸ் இறக்கினாள். பட்டியல் கடைசி வரி வரை போனது. விமானம் ஓடியது, எழுந்தது, எந்த மணியும் அலறவில்லை.

எல்லாம் முடிந்து விளக்கு எரிந்தபோது ஹரிகிருஷ்ணன் குறிப்பேட்டை மூடினார். "அந்தத் தண்ணி பாட்டில் என்ன கணக்கு? ஒவ்வொரு தடவையும் குடிச்சீங்க."

"தாகம் சார்" என்றாள் கேப்டன் சுடர்விழி. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கேப்டனாக அவளுடைய முதல் விமானம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து கிளம்புவதாக அட்டவணை வந்தது. குருசுக்குப்பம் தெரு அன்று ஒரு நிலையில் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் சீருடையில் கூடத்துக்கு வந்தபோது வாசலில் பத்துப் பேர். சிலம்பரசன் காலையிலேயே சுலோசனாவிடம் போய், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காதே அக்கா என்று மன்றாடியிருந்தான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் பேசியது.

சிலம்பரசன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தான். "அடையாள அட்டை?" தொட்டாள். "லைசென்ஸ்?" தொட்டாள். யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் சிரித்தார்கள். "தோள்பட்டை?"

"ஆச்சு" என்றாள் சிரித்த வாயோடு.

ஷூவை மாட்டி, வாசற்படியில் இறங்கிவிட்டாள். கார் கதவைத் திறந்தாயிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எம்மா சுடரு! எங்கம்மா இன்னிக்கிப் போற, பெங்களூரா?"

சாமிக்கண்ணு. பெருமை தாங்காமல் தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று கேட்டுவிட்டார். கேட்டது அவர் காதிலேயே அப்புறம்தான் விழுந்தது.

சுலோசனா வாயிலிருந்து முந்தானையை எடுத்து, "நா கேக்கலப்பா, சாட்சிக்குப் பத்துப் பேரு இருக்காங்க" என்றாள். சிலம்பரசன் நாக்கால் உதட்டைத் தடவினான். எல்லார் கண்ணும் கறுப்புச் சட்டை மேல்.

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். உள்ளே போனார். கையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"வெயிலு கொளுத்துது" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு. "தாகமா இருக்கும். உள்ள வந்து ஒக்காந்து குடிச்சிட்டுப் போம்மா."

சுடர்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"மொதல்லேர்ந்து படிடா" என்றார் மாமனார்.

சிலம்பரசன் படித்தான். அடையாள அட்டை, தொட்டாள். லைசென்ஸ், தொட்டாள். "தோள்பட்டை?"

அவள் கையை உயர்த்தித் தோளில் வைத்தாள். விரலால் சீருடைப் பட்டையின் கோடுகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இல்லை. மறு தோளைத் தடவினாள். அங்கேயும் மூன்று. ஏழு வருஷப் பழக்கத்தில் துணை விமானியின் பட்டையை மாட்டிக்கொண்டு கேப்டன் கிளம்பியிருக்கிறாள்.

பிரிட்ஜின் தலையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், நாலு தங்கக் கோடு போட்ட புதுப் பட்டைகள் இரண்டும் கிடந்தன.

சிலம்பரசன் ஒரு தோளுக்கு மாட்டினான். இன்னொரு தோளுக்குச் சாமிக்கண்ணு மாட்டினார். தறியில் அறுந்த இழை கட்டிய விரல்கள் அவை. மாட்டி முடித்து நாலு கோட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார். பிறகு காலி டம்ளரை மகனிடம் நீட்டினார். "எனக்கும் ஒண்ணு கொண்டாடா. தாகமா இருக்கு."